மும்பைவாசிகளே, உங்க வீட்டுப் பக்கம் வந்த சிறுத்தை அனுபவம் உண்டா?

முலுண்ட்வாசி:
முலுண்ட் மேற்கு, யோகி ஹில்ஸ் பக்கம் புதுசா குடிவந்திருக்கோம். பின்பக்கம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. "கிரீன் வியூ சார்"னு புரோக்கர் சொன்னார். அந்தப் பச்சைக்குள்ள யார் குடியிருக்காங்கன்னு சொல்லலை. நேத்து சொசைட்டி வாட்ஸப்பில் சிசிடிவி வீடியோ வந்துச்சு. ஒரு சிறுத்தை காம்பவுண்டு சுவரிலிருந்து சத்தமில்லாம இறங்கி, வரிசையா நின்ன ஸ்கூட்டர்களை ஒட்டியே நடந்து, குப்பை டிரம்மை மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகுது. நாலடி தள்ளி வாட்ச்மேன் நாற்காலியில் தலை சாய்ஞ்சு தூங்கறார்! கூண்டு வைக்கச் சொல்லி வனத்துறைக்கு மனு கொடுக்கணும்னு குரூப்பில் ஒரே கூச்சல். நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

ஆரே பையன்:
அண்ணா, நான் பிறந்து வளர்ந்ததே ஆரே காலனியில்தான். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்க ஒரு தபேலாவில் (எருமைக் கொட்டகை) கணக்கு எழுதினவர். 1949இல் ஆரம்பிச்ச பால் காலனி இது. எருமைக் கொட்டகை இருந்தா செத்த கன்னு இருக்கும், அதைத் தேடி நாய் வரும், நாயைத் தேடி அவர் வருவார். (சிறுத்தையைப் பேர் சொல்ல மாட்டோம், 'அவர்'தான். இங்க இருக்கற வார்லி பழங்குடி மக்கள் வாகோபான்னு சாமியாவே கும்பிடறாங்க.)

ராத்திரி மரம் அறுக்கற ரம்பம் மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தா அம்மா விளக்கைப் போட்டுடுவாங்க. இருட்டினப்புறம் தனியா வர்றதா இருந்தா போன்ல சத்தமா பாட்டு. குழந்தைங்களை முன்னால நடக்க விடணும், பின்னால இழுத்துட்டு வரக்கூடாது. வெளியில குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது, குனிஞ்ச ஆள் அதுக்குச் சின்ன மிருகமாத் தெரியும். ஒருநாள் மழைவிட்ட சாயங்காலம், ரோட்டு நடுவில் படுத்து முன்னங்காலை நக்கிட்டிருந்துச்சு. நான் பைக்கை ஆஃப் பண்ணலை, ஹாரனும் அடிக்கலை. நிதானமா எழுந்து, அந்த நீள வாலைத் தூக்கிக்கிட்டுப் புதருக்குள்ள போயிடுச்சு. பயம் போகலை அண்ணா, பழகிடுச்சு.

போரிவலி மாமி:
எங்களுக்குக் குரங்குதான் பெரிய தொல்லை, சிறுத்தையாவது ராத்திரி வந்துட்டுப் போயிடறது! வெயில்ல காயவச்ச வடாமைத் துணியோட தூக்கிண்டு போச்சு. கிச்சன் ஜன்னலுக்கு வலை போட்டுட்டேன். பூங்கா வாசல்ல வாழைப்பழம் போடற புண்ணியவான்களை என்ன சொல்றது.

தாணே கோட்பந்தர் ரோடு:
முலுண்ட்வாசி சார், கூண்டு மட்டும் கேட்காதீங்க. புனே மாவட்டத்து ஜுன்னர் பக்கம் பிடிச்ச சிறுத்தைகளை வேற காட்டில் கொண்டுபோய் விட்டப்போ, விட்ட இடத்தைச் சுத்தி மனுஷங்க மேல தாக்குதல் கூடிச்சுன்னு வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. 2004இல் நம்ம பூங்காவைச் சுத்தி சிறுத்தை தாக்கி வரிசையா சாவு விழுந்தது ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க. ஒண்ணைப் பிடிச்சா அந்த இடம் காலியாக் கிடக்காது, இன்னொண்ணு வரும். இப்ப இருக்கறதாவது ஊர் தெரிஞ்சது, நம்ம ரூட் தெரிஞ்சது.

சிறுத்தை குடியிருப்புக்குள்ள மாட்டிக்கிட்டா 1926க்கு போன் பண்ணுங்க, வனத்துறை இலவச எண். அவங்க வர்ற வரைக்கும் கூட்டம் கூடாம பார்த்துக்கறதுதான் பெரிய வேலை. செல்போனைத் தூக்கிட்டு ஓடற கும்பலால்தான் அது மிரண்டு மேல பாயும்.

எங்க சொசைட்டியில் குப்பைக்கு இரும்புக் கதவு போட்ட ஷெட் கட்டினோம். நாய்க் கூட்டம் குறைஞ்சது, கேமராவில் சிறுத்தையும் அபூர்வமாத்தான் தெரியுது. ஆனா ரெண்டாவது மாடி அம்மா கேட் வாசல்ல நாய்களுக்குச் சோறு வைக்கறதை நிறுத்த மாட்டேங்கறாங்க. மாசாமாசம் மீட்டிங்கில் சண்டை. போன தடவை சேர்மன் ராஜினாமா கடிதமே நீட்டிட்டார்.