மதியக் கச்சேரிக்கு டிக்கெட் வைக்கலாமா? மேற்கு லண்டன்காரர்கள் சொல்லுங்கள்

வாய்க்கால்கரை அக்கா:
எங்கள் பகுதியில் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. செவ்வாய்தோறும் மதியம் ஒரு மணிக்கு அங்கே மேற்கத்திய சேம்பர் இசைக் கச்சேரி. இரண்டு பேரோ நாலு பேரோ வந்து வாசிப்பார்கள். மைக் கிடையாது. ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே போகக் காசு இல்லை, வெளியே வரும்போது வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும், விரும்பியதைப் போடலாம். பதினொரு வருடமாகப் போகிறேன். போன வாரம் நடத்துகிறவர்கள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்: அடுத்த ஆண்டு முதல் 8 பவுண்ட் டிக்கெட் வைக்க நினைக்கிறோம், உங்கள் கருத்தை எழுதித் தாருங்கள் என்று. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். நாலு இளம் பிள்ளைகள் ஹைடன் என்ற இசையமைப்பாளரின் ஒரு குவார்ட்டெட், அதாவது நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் இசை, வாசித்தார்கள். 1781இல் எழுதியது, ஓபஸ் 33 என்ற தொகுப்பில் இரண்டாவது. அதன் கடைசிப் பகுதியில் மெட்டு துண்டு துண்டாக நின்று நின்று வரும். முடிந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம். வயலின் பிள்ளை வில்லை இறக்காமலே இருந்தாள். மறுபடியும் மெட்டு. மறுபடியும் கைதட்டல். பிறகு நீண்ட மௌனம், கடைசியாக முதல் வரி மட்டும் மெதுவாக ஒருமுறை வந்து நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் மூன்று வயசுக் குழந்தை. அது விழுந்து விழுந்து சிரித்தது. இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட குறும்பு அந்தக் குழந்தைக்குப் புரிந்தது! 8 பவுண்ட் என்றால் அந்தத் தாய் குழந்தையோடு உள்ளே வந்திருப்பாளா?

செல்லோ அப்பா:
அக்கா, நீங்கள் சொன்ன குழந்தையின் சிரிப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நாலு பிள்ளைகளுக்கு அன்று என்ன கிடைத்தது என்று கேட்டீர்களா?

என் மகள் இங்கே இசைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, செல்லோ படிக்கிறாள், உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வயலின் போன்ற வாத்தியம். கல்லூரிக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 9,000 பவுண்டுக்கு மேல். ஒரு மதியக் கச்சேரிக்கு அவளும் இரண்டு தோழிகளும் மூன்று வாரம் ஒத்திகை பார்த்தார்கள். அன்று காலை நான்தான் கூட்டிப் போனேன். செல்லோவைத் தரையில் ஊன்றும் அடிமுள் தரையைக் கீறக்கூடாது என்று அங்கிருந்தவர் சொன்னதால், காரிலிருந்து மிதியடியை எடுத்துவந்து போட்டோம். நன்றாக வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கடைசியில் கூடையில் விழுந்ததில் செலவு போக மூன்றாகப் பங்கிட்டால், ஆளுக்கு 30 பவுண்டுகூட வரவில்லை. திரும்பும்போது மகள் ஒன்றும் பேசவில்லை. "அனுபவம் கிடைக்குமே" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரிடம் நாம் அப்படிச் சொல்வோமா?

டிக்கெட் வையுங்கள். 8 பவுண்ட் பெரிய தொகை இல்லை.

இரவு ஷிஃப்ட்:
நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு இந்த இசை பற்றி எதுவும் தெரியாமல் இருந்தது. மூன்று வருடம் முன்பு இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தேன். அன்றிரவு வார்டில் ஒரு மரணம். மழை பிடித்துக்கொண்டது. டிரஃபால்கர் சதுக்கத்துப் பக்கம் செயின்ட் மார்டின் தேவாலயத்தின் கதவு திறந்திருந்தது, ஒதுங்கினேன். உள்ளே பியானோவும் வயலினும். என்ன வாசித்தார்கள் என்று இன்றும் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்க அழுதேன், யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் டிக்கெட் கவுண்டர் இருந்திருந்தால் நான் படியிலேயே நின்றிருப்பேன். முன்கூட்டியே டிக்கெட் வாங்குகிற இசை என்று ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தெரியாது.

இந்த ஊரில் இது புதிதும் இல்லை. அந்தத் தேவாலயத்துக்கு எதிரேதான் நேஷனல் கேலரி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கிருந்த ஓவியங்களை எல்லாம் பாதுகாப்புக்காக வெளியூருக்கு அனுப்பிவிட்டு, வெறும் சுவர்களுக்கு நடுவே மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் மதியக் கச்சேரி நடத்தினார். 1940 அக்டோபரில் கட்டடத்துக்குள் வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டு, கச்சேரி நேரத்திலேயே வெடித்தது. தொலைவில் வேறு அறையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. மக்களுக்கு அதை இலவசமாகத்தானே கொடுத்தார்கள்?

மயிலாப்பூர் ரசிகன்:
இல்லைங்க, அங்கே கட்டணம் உண்டு. ஒரு ஷில்லிங். இது முக்கியமான விஷயம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் கச்சேரி 1939 அக்டோபர் 10. வார நாட்களில் மதியம், ஆறரை வருடம், 1946 ஏப்ரல் 10 வரை. மொத்தம் 1,698 கச்சேரிகள், 7 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கேட்டார்கள். மைரா ஹெஸ் தனக்கென்று சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற கலைஞர்களுக்குக் கொடுத்தார்கள், பெரிய பெயருக்கும் புதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு. மிச்சம் வந்தது கஷ்டத்தில் இருந்த இசைக்கலைஞர்களுக்கான நிதிக்குப் போனது. போர் தொடங்கியதும் அரங்குகளை மூடிவிட்டார்கள், கலைஞர்களுக்கு வேலை இல்லை. அவர்கள் பிழைக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் பாதி நோக்கம்.

சென்னை டிசம்பர் சீசனில் வளர்ந்தவன் நான். மதிய நேரக் கச்சேரி இலவசம், இளையவர்களுக்கு. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட், பெரியவர்களுக்கு. அரங்கில் பத்துப் பேர் இருப்பார்கள், கேன்டீனில் இருநூறு பேர். கல்யாணி ராகத்தை ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பாள், முன்வரிசையில் ஒருவர் சாப்பாட்டு மயக்கத்தில் தூங்குவார். பக்கவாத்தியக்காரருக்கு ஆட்டோ காசாவது கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. இலவசம் என்றதும் கேட்பவன் மனதில் இசையின் மதிப்புக் குறைந்துவிடுகிறது. இதை நான் இருபது வருடம் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு செல்லோ அப்பாவுக்குத்தான்.

வாய்க்கால்கரை அக்கா:
ஒரு ஷில்லிங் விஷயம் எனக்கும் தெரியாது, திருத்தியதற்கு நன்றி தம்பி. ஆனால் ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். இன்றைய நாணயக் கணக்கில் ஐந்து பென்ஸ். அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பு அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைநிலை டைப்பிஸ்டும் சிப்பாயும் கொடுக்கக்கூடிய காசாக வைத்தார்கள். 8 பவுண்டை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

மதிப்பு என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. நான் யாழ்ப்பாணத்தில் கோயிலடியில் வளர்ந்தவள். திருவிழா இரவில் நாதஸ்வரமும் தவிலும் விடிய விடிய நடக்கும். வீதியில் பாய் விரித்து இருந்து கேட்போம். டிக்கெட் என்ற பேச்சே இல்லை. மதிப்புக் குறைந்ததா? தவில்காரர் ஒரு தாளக் கணக்கைப் பிசகாமல் முடித்தால் சனம் முழுவதும் தலையாட்டும், பிசகினால் முன்னால் இருக்கிற கிழவருக்கே தெரிந்துவிடும். எல்லாரும் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் காது வந்தது. மேளகாரருக்கும் பேசிய காசு குறையாது, ஏனென்றால் அன்றைய உபயகாரர் அதைப் பொறுப்பெடுத்திருப்பார். இங்கே லண்டன் கோயில்களிலும் இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு இந்தச் செவ்வாய்க் கச்சேரியில் இல்லாமல் போனது அந்த உபயகாரர்தான். கதவில் வைக்கிற விலை அந்தக் குறையைத் தீர்க்காது.

செல்லோ அப்பா:
உபயம் என்ற சொல் நல்ல சொல். ஆனால் கோயிலுக்கு உபயம் செய்கிறவர் அம்மனுக்குச் செய்கிறார், வேண்டுதல் இருக்கிறது. ஹைடனுக்கு யார் நேர்த்தி வைப்பார்கள்?

நம் சமூகத்தில் எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு எல்லாம் பெற்றோர் தலையில். வருகிறவருக்கு இலவசம். அதாவது வாசிக்கிற பிள்ளையின் வீடுதான் உபயகாரர். அந்த மதியக் கச்சேரியிலும் அதுதான் நடந்தது. பெட்ரோல் என்னுடையது, வகுப்புக் கட்டணம் என்னுடையது, மிதியடியும் என்னுடையது.

லெட்ஜர்:
நான் கணக்காளர். ஒரு தகவல் மட்டும். நடத்துகிற அமைப்பு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இருந்தால், வரி கட்டுகிறவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்ட் நன்கொடைக்கும் கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். கூடையில் 8 போட்டால் 10 ஆகும். டிக்கெட்டாக வாங்கினால் 8 எட்டாகவே இருக்கும், அது பொருளுக்குக் கொடுத்த விலை. 30 பவுண்ட் வரையிலான சில்லறை நன்கொடைக்குக் கையெழுத்து இல்லாமலே கேட்கவும் தனித் திட்டம் இருக்கிறது, சில நிபந்தனைகளோடு. உங்கள் ஆட்கள் இதைச் செய்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பல சின்ன இடங்களில் படிவத்தை வைக்கவே மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, மேற்கு லண்டனில் பெரிவேல் என்ற இடத்தில் செயின்ட் மேரிஸ் என்று 12ஆம் நூற்றாண்டுச் சின்னத் தேவாலயம் ஒன்று கச்சேரி இடமாக இருக்கிறது. தொண்டர்களே நடத்துகிறார்கள், அனுமதி இலவசம், முடிவில் காணிக்கை. கச்சேரிகளை இணையத்திலும் நேரலையில் காட்டுகிறார்கள், வெளியூரில் இருந்து பார்ப்பவரும் காசு அனுப்பலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நடத்த வழி இருக்கிறது.

மயிலாப்பூர் ரசிகன்:
கிஃப்ட் எய்ட் கணக்கு நான் யோசிக்காதது. சரி. ஆனால் கூடையின் முன்னால் நிற்கும் மனிதனை நம்பித்தானே எல்லாம்? கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவு ஷிஃப்ட்:
அப்படிப் போகிறவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். இந்தச் செவ்வாய்க் கச்சேரிக்குச் சக்கரம் வைத்த கடைப்பையோடு வருவார், எண்பது வயது இருக்கும். மூத்தவர்களுக்கான இலவச பஸ் அட்டை காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த இடைவெளியில் அவர் போகக்கூடிய கச்சேரி இது ஒன்றுதான். கூடையைப் பார்க்காமல் விறுவிறு என்று போவார். ஒருநாள் வாசலில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது சொன்னார், மனைவி வயோலா வாசித்தவராம், வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம். வயோலா இருக்கிற நிகழ்ச்சிக்கு மட்டும்தான் வருவாராம். அவரிடம் 8 பவுண்ட் கேட்க என்னால் முடியாது. உங்கள் மகளை 30 பவுண்டுகூடக் கொடுக்காமல் அனுப்பியதும் சரியில்லை, அண்ணா. இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறேன்.

செல்லோ அப்பா:
வயோலா விஷயத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். "அவர் வரட்டும்பா" என்றாள்.

அப்படியானால் என் கோரிக்கையை மாற்றிச் சொல்கிறேன். வாசிக்கிறவர்களுக்கு இவ்வளவு என்று தேதி கொடுக்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். கூடை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் அந்தக் காசு அன்றே கையில் வர வேண்டும். அதற்கு வருடத்துக்கு நாலு உபயகாரர் வேண்டுமா, கிஃப்ட் எய்ட் வேண்டுமா, வாரக் கச்சேரியை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டுமா, அது நடத்துகிறவர்கள் பாடு. இதைச் செய்ய முடியாதென்றால் டிக்கெட்டே வையுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன். பிள்ளைகளின் உழைப்பில் யாரும் தர்மம் செய்ய வேண்டாம்.

வாய்க்கால்கரை அக்கா:
நான் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, நீங்கள் சொன்னதை அப்படியே சேர்த்து எழுதப் போகிறேன். எழுத்தில் தொகை, அன்றே காசு. கீழே கிஃப்ட் எய்ட் பற்றியும். பிறகு நானும் கோயில் தோழிகள் மூன்று பேரும் ஒரு செவ்வாயைப் பொறுப்பெடுக்கிறோம் என்றும் எழுதுகிறேன். ஒரு செவ்வாய்தான் எங்களால் முடியும்.

மயிலாப்பூர் தம்பி, நீங்கள் இன்னும் டிக்கெட் பக்கம்தான் என்று தெரியும். ஒருதரம் வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வரும் செவ்வாய் ஷூபர்ட் என்ற இசையமைப்பாளரின் ட்ரவுட் குவிண்டெட், ஐந்து பேர் வாசிப்பது. பியானோவோடு செல்லோவைவிடப் பெரிய டபுள் பேஸும் வருகிறது, இடம் போதாமல் முன் இரண்டு வரிசை நாற்காலிகளைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வந்தால் கை கொடுக்கலாம். வயோலாவும் உண்டு, அதனால் அந்தப் பெரியவருக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி விட்டு வையுங்கள்.