கேதார்காந்தா ஏற்றம்: மூன்று காலைக்குக் கனமில்லாத டிபன் எது?

சுருளி22 கேட்டது:
டிசம்பர் கடைசியில் 4 பேர் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்கு, அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து ஏறுகிறோம். மதியமும் இரவும் வழிகாட்டி பார்த்துக்கொள்வார், காலை டிபன் மட்டும் எங்கள் பாடு. சின்ன கேஸ் அடுப்பு ஒன்று, 2 லிட்டர் பாத்திரம் ஒன்று. ஆளுக்கு ஒரு வேளைக்கு 120 கிராம்தான் சுமப்பதாகக் கணக்கு. ஓட்ஸ் யாருக்கும் இறங்காது. ரவா உப்புமா மிக்ஸ் கொண்டுபோகலாமா? அந்த உயரத்தில் ரவை வேகாது என்கிறார்களே?

கல்சட்டி:
தாராளமாக வேகும். 3,400 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியில் கொதிக்கும். கோதுமை மாவுச்சத்து வேக 65 டிகிரி போதும். அங்கே தகராறு பண்ணுவது அரிசியும் பருப்பும்தான். தட்டில் மிக்ஸைக் கொட்டி மேலே வெந்நீர் ஊற்றுகிறார்களே, அங்கேதான் உப்புமா கெடுகிறது. சில்லிட்ட தட்டு சூட்டை உறிஞ்சிவிடும், ரவை நறநறவென்று நிற்கும்.

நால்வருக்கு ஒரு வேளைக்கு: ரவை 300 கிராம், வேர்க்கடலை 100 கிராம், நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் 6, கறிவேப்பிலை, பெருங்காயம், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், உப்பு 2 டீஸ்பூன். கறிவேப்பிலை விரலால் நசுக்கினால் பொடியாக உதிர வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் இரண்டாம் நாளே மக்கல் வாடை வரும். பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய் வேண்டவே வேண்டாம். ரவையைச் சிறுதீயில் 10 நிமிடம் வறுங்கள். கரண்டியிலிருந்து மணல் மாதிரி சரிந்தால் பதம். நன்றாக ஆறிய பிறகே ஜிப்லாக் கவரில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிதட்டும். வேளைக்கு ஒரு கவர்.

மலையில் 750 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அந்தப் பாத்திரத்திலேயே மிக்ஸைத் தூவிக் கிளறி மூடுங்கள். துண்டால் சுற்றி 8 நிமிடம் வைத்தால் போதும்.

நெய்மணி:
உப்புமா மிக்ஸுக்கு நெய் சேர்த்தால் இன்னும் ருசிக்குமே?

கல்சட்டி:
வீட்டில் ருசிக்கும், அங்கே அந்தக் குளிரில் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். (பெயரைப் பார்த்து எதிர்பார்த்த கேள்விதான்!) தேங்காய் எண்ணெய்க்கும் அதே கதி. நல்லெண்ணெய்தான் சரி.

மூன்றாம்படி:
அடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கேஸ் டப்பாவை விமானத்தில் எந்தப் பையிலும் விடமாட்டார்கள். வழிகாட்டியிடம் முன்பே சொல்லி அங்கேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெறும் பியூட்டேன் அடைத்த டப்பா வேண்டாம். 0 டிகிரியை ஒட்டினாலே அது ஆவியாகாமல் உள்ளே திரவமாகவே கிடக்கும், தீ சோர்ந்துபோகும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்ததாகக் கேளுங்கள். இரவில் டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிரினாலும் டென்ட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சுருளி22:
நன்றி. உச்சிக்குப் போகும் நாள் அதிகாலை 3 மணிக்கே கிளம்புகிறோம். அந்த நேரத்தில் உப்புமா கிண்ட முடியாதே?

மூன்றாம்படி:
அன்றைக்கு உப்புமாவை விடுங்கள். அந்த நேரத்தில் கெட்டியாக எதுவும் தொண்டையில் இறங்காது. ஆளுக்குப் பொட்டுக்கடலை மாவு 40 கிராம், நாட்டுச்சர்க்கரை 20, பால்பவுடர் 15, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, அதனால் வெந்நீரில் கரைத்தாலே போதும். கடையில் வாங்கும் சத்துமாவைக் காய்ச்சாமல் குடித்தால் ஏறும்போது வயிறு ஊதிக்கொள்ளும்.

முந்தின இரவே வெந்நீரை ஃபிளாஸ்கில் நிரப்பிவிடுங்கள், ஆளுக்கு 250 மில்லி. கஞ்சியாகக் கரைத்து ஊற்றி வைக்காதீர்கள். இறுகிப்போகும், ஃபிளாஸ்கிலும் வாடை ஏறும். காலையில் மாவைக் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் குழைத்துவிட்டு அப்புறம் வெந்நீர் விட்டால் கட்டி விழாது. பாக்கெட்டில் இரண்டு கடலைமிட்டாய் இருக்கட்டும். அதையும் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வையுங்கள், வெளியே இருந்தால் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும்.

கல்சட்டி:
அந்தப் பச்சைத்தண்ணீர் பாட்டிலை இரவில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலேதான் முதலில் கட்டும், நிமிர்த்தி வைத்தால் மூடியே திறக்க வராது.