குடோன் வைஃபைக்கு பேனல் ஆன்டெனாவா, ஓம்னியா?

60 மீட்டர் நீளக் குடோன், கூரை 7 மீட்டர் உயரம். ஒரு கோடிச் சுவரில், உயரத்தில் 802.11ஏசி அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி). திருகிக் கழற்றக்கூடிய இரண்டு ஆர்பி-எஸ்எம்ஏ ஆன்டெனா. மூன்று வாரமாக மறுகோடியில் பார்கோடு ஸ்கேனர்கள் அடிக்கடி துண்டிக்கப்படுகின்றன. அங்கே சிக்னல் -79 டிபிஎம், ரொம்பப் பலவீனம். இரும்பு ரேக்குகள் வந்த பிறகுதான் இந்தக் கூத்து.

சுற்றிலும் எல்லாப் பக்கமும் பரப்பும் ஓம்னி ஆன்டெனாதான் இருந்தது; 3 டிபிஐ (கெயின், அதாவது அலையை ஒருமுகப்படுத்தும் அளவு) ஓம்னியைக் கழற்றி 9 டிபிஐ மாட்டினேன். தூரத்தில் கொஞ்சம் தேறியது, நேர் கீழே படுத்துவிட்டது. கெயின் கூடினால் அலை தட்டையாகப் பரவும் என்பது அப்புறம்தான் உறைத்தது. 10 மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்து ஆன்டெனாவை நடுவில் தொங்கவிட்டால், 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கேபிளிலேயே கரைந்துபோனது. சேனல் மாற்றியும் பலனில்லை.

இன்னொரு அக்சஸ் பாயிண்ட் வாங்க இப்போது வழியில்லை. அதே சுவரில் ரேக் சந்துகளை நோக்கி, ஒரே பக்கமாக 60 டிகிரி அகலத்துக்கு வீசும் பேனல் ஆன்டெனா வைக்கலாமா, இல்லை அக்சஸ் பாயிண்டையே நடுக்கூரைக்கு மாற்றி பழைய ஓம்னியை மாட்டுவதா?