ஸ்கேட்டிங் களத்துக்கு மேற்கு

குழு: பழையபேட்டை வீடு, கிருஷ்ணகிரி

சனி, இரவு

நான்: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, ஒரு சந்தேகம். வீட்டு லோனுக்குக் கொடுத்த பத்திரத்தைப் படித்துவிட்டு வக்கீல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். 1996 கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி (மனையின் நான்கு பக்க எல்லை) விவரத்தில் ‘ஸ்கேட்டிங் களத்துக்கு மேற்கு’ என்று இருக்கிறது. அப்படி ஓர் இடமே அங்கே இல்லையே, அது யாருடையது என்கிறார்.

நான்: [படம்: பத்திரம், இரண்டாம் பக்கம்]

குட்டி: ஸ்கேட்டிங்கா? நம் தெருவிலா? 😂

பெரியப்பா: சிரிக்காதே. பத்திரம் சரிதான். அது ரைஸ்மில் களம். நெல் காயப்போடும் சிமென்ட் தரை. பகலில் நெல், பொழுது சாய்ந்தால் ஸ்கேட்டிங். பத்திரம் எழுதியவர் மில் பெயரைப் போடாமல் ஊர் வாயில் இருந்ததைப் போட்டுவிட்டார். உன் அப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்தான், மாற்றச் சொல்லவில்லை.

பெரியப்பா: வக்கீலுக்கு ஒன்று செய். நகராட்சி எல்லை என்பதால் டவுன் சர்வே பதிவேட்டில் நகல் எடு. வரைபடத்தில் நம் மனைக்குக் கிழக்கே என்ன நம்பர் என்று பார். களம் பின்னால் மனைகளாகப் பிரிந்தது. அங்கே வீடு வாங்கிய யாரிடமாவது தாய்ப்பத்திரத்தின் நகல் கேள், அதில் மில் பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அவருக்குப் போதும்.

நான்: சரி பெரியப்பா, திங்கட்கிழமை போகிறேன். ஆனால் கிருஷ்ணகிரியில் அந்தக் காலத்தில் ஸ்கேட்டிங்கை யார் கொண்டுவந்தது?

பெரியப்பா: 1991 டிசம்பர். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம். தமிழ் ஆட்கள் ஓசூர் வழியாகக் கிடைத்த வண்டியில் ஏறி வந்தார்கள். நம் தெருவிலேயே எந்த வீட்டைப் பார்த்தாலும் யாராவது சொந்தக்காரர் திண்ணையில் மூட்டையோடு இருப்பார். அப்படி வந்தவர்களில் ஒருவர் மில்லில் பாய்லர் பார்த்தவருக்கு மச்சான். பெங்களூரில் ஏதோ ஒரு ஸ்கேட்டிங் ரிங்கில் வேலை. வருபவர்களுக்கு ஸ்கேட் மாட்டிவிடுவது, கழற்றி வைப்பது, சக்கரம் கழுவுவது. சம்பள பாக்கிக்குப் பதிலாக முதலாளி பழைய ஸ்கேட்டுகளைக் கொடுத்திருந்தாராம். இரண்டு சாக்கு.

சித்தப்பா ஓசூர்: அண்ணா, ஒரு சாக்கு. இன்னொன்றில் பாத்திரம்.

பெரியப்பா: சரி, ஒரு சாக்கு.

சித்தப்பா ஓசூர்: எல்லோரும் அவரை ‘சக்கர அண்ணன்’ என்போம். கலவரம் அடங்கியதும் பலர் திரும்பிப் போனார்கள். அவர் போகவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் சாயங்காலம், நெல்லை வாரிக் குவித்து முடித்ததும், அந்தக் களத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சும்மா. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் காம்பவுண்டு சுவரில் ஏறிவிட்டோம். மறுநாளே வாடகை. அரைமணி நேரத்துக்கு இரண்டு ரூபாய்.

பெரியப்பா: மூன்று ரூபாய்.

சித்தப்பா ஓசூர்: உங்களிடம் மூன்று வாங்கியிருப்பார் அண்ணா, நீங்கள் அப்போதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள்.

குட்டி: மில் ஓனர் எப்படி விட்டார்?

பெரியப்பா: ஒரே ஒரு நிபந்தனை. இரும்புச் சக்கரம் களத்தில் இறங்கக் கூடாது. சாக்கில் இருந்ததில் பாதி இரும்புச் சக்கரம் வைத்த பழசு, அதெல்லாம் அப்படியே மூலையில் கிடந்தது. காரணம் இருக்கிறது. இரும்பு உரசினால் சிமென்ட் பெயரும். பெயர்ந்த பொடி நெல்லோடு சேரும், அரிசியில் கல் வரும். அரிசியில் கல் என்று ஒரு முறை பேர் கெட்டால் மில்லுக்கு யார் மூட்டை கொண்டுவருவார்கள்? அதனால் பிளாஸ்டிக் சக்கரம் மட்டும். விளையாடி முடித்ததும் சக்கர அண்ணனே முழுக் களத்தையும் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். விடிவதற்குள் அவித்த நெல் வந்து விழும்.

அக்கா பெங்களூர்: இதை இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. என் மகளை வாரத்தில் மூன்று நாள் ஸ்கேட்டிங் வகுப்பில் விடுகிறேன். நம் குடும்பத்தில் அவள்தான் முதல் ஆள் என்று பெருமை வேறு.

சித்தப்பா ஓசூர்: முதல் ஆளா! நான் ஸ்கேட் ஓட்டியது கொஞ்சம்தான், ஆனால் லேத் வேலை கற்றுக்கொண்டதே அந்த ஸ்கேட்டால்தான். ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங். ஒரு காலுக்கு நான்கு சக்கரம். ஆக ஒரு ஜோடிக்கு 16 பேரிங். எல்லாம் 608 நம்பர். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. இன்றைக்கும் உன் மகள் ஸ்கேட்டில் அதே 608தான் இருக்கும், கழற்றிப் பார்.

சித்தப்பா ஓசூர்: மற்ற ஊரில் பேரிங்குக்கு எதிரி மண். இங்கே தவிடும் உமித்தூளும். கிரீஸில் ஒட்டிக்கொண்டு களிபோல் ஆகிவிடும், சக்கரம் சுற்றாது. வாரம் ஒரு முறை கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய் எங்கே குறைகிறது என்று அம்மா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

குட்டி: அப்பா, இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?

சித்தப்பா ஓசூர்: நீ பஞ்சர் ஒட்டவே கூப்பிட்டால் வருவதில்லை.

குட்டி: தேடிப் பார்த்தேன். 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் சக்கரம் மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்துக்குள் போனாராம். திரும்பவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. நேராகப் போய் ஒரு பெரிய கண்ணாடியில் மோதினார். கண்ணாடியின் விலை 500 பவுண்டுக்கு மேல். வயலினும் போச்சு.

குட்டி: திரும்பத் தெரிந்த ஸ்கேட் வர நூறு வருஷம் ஆயிற்று. நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன், 1863. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் ரப்பர். உடம்பைச் சாய்த்தால் சக்கரம் அந்தப் பக்கம் திரும்பும்.

சித்தப்பா ஓசூர்: அந்த ரப்பர்தான் எனக்குத் தலைவலி. நைந்துபோனால் இங்கே கிடைக்காது. செருப்பு தைப்பவரிடம் கெட்டியான ரப்பர் வாங்கி உருண்டையாக வெட்டிப் போட்டேன். அதைப் போட்டவன் எவனும் திரும்பவில்லை, எல்லோரும் மெர்லின்தான்.

ஞாயிறு, காலை

பெரியப்பா: இரவெல்லாம் இதே நினைப்பு. களத்துக்குச் சரிவு உண்டு. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும் என்று கட்டும்போதே நடுவில் மேடாகவும் கேட் பக்கம் தாழ்வாகவும் விட்டிருப்பார்கள். நடந்தால் தெரியாது, சக்கரத்தில் நின்றால் தெரியும். கேட்டை நோக்கிப் போகும்போது தானாக வேகம் எடுக்கும், திரும்பி வரும்போது தொடை வலிக்கும். கேட்டுக்கு வெளியே சாக்கடை. புதிதாக வந்தவர்கள் முதல் நாள் அதில்தான்.

அத்தை: கேட் பக்கம்கூடப் பரவாயில்லை. மோட்டார் ரூம் மூலைதான் மோசம். அங்கே தரையில் எண்ணெய் இறங்கி வழவழவென்று இருக்கும். அந்த இடத்தில் காலைத் தூக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

குட்டி: அத்தை, உங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை: பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா: அந்த மூலை தெருவிலிருந்து தெரியாதே.

சித்தப்பா ஓசூர்: அண்ணா, அதை விடுங்கள். சுற்றும் திசைக்கு வந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? ரிங்கில் இடது கை உள்பக்கம் வரும்படிதான் சுற்ற வேண்டும் என்பார் சக்கர அண்ணன். பெங்களூர்ப் பழக்கம், எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். நம் பிள்ளைகளுக்குக் கோயில் பழக்கம், வலமாகத்தான் கால் போகும். இரண்டு கூட்டமும் நடுவில் முட்டிக்கொள்ளும். ஆயா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, நெல் காயும் இடத்தில் அப்பிரதட்சணம் சுற்றுகிறீர்களே, விளங்குமா என்று கத்தும்.

பெரியப்பா: அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் வலமாகச் சுற்றலாம். ஆயா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா பெங்களூர்: அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை. அத்தை?

அத்தை: சொல்கிறேன், இட்லி ஊற்றிவிட்டு வருகிறேன்.

அத்தை: மில்லுக்கு லோடு வராத நாளில் களம் காலையிலேயே காலியாக இருக்கும். எனக்கும் பக்கத்துத் தெருப் பெண்கள் நான்கு பேருக்கும் அப்போது தையல் வகுப்பு. வகுப்பு எட்டு மணிக்கு, நாங்கள் ஏழுக்கே கிளம்பிவிடுவோம். சக்கர அண்ணன் அந்த நேரத்தில் இருக்க மாட்டார், சாவியை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவர்தான் எங்களுக்கு மாட்டிவிட்டார், கற்றுக்கொடுத்தார். அண்ணனைவிட நன்றாக ஓட்டுவார், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு. பெங்களூரில் ரிங்கில் கூட்டிப் பெருக்கும் வேலை அவருக்கு. மூடிய பிறகு ஆள் இல்லாத தரையில் கற்றுக்கொண்டாராம்.

பெரியப்பா: எனக்குத் தெரியவே தெரியாது.

அத்தை: தெரிந்திருந்தால் விட்டிருப்பீர்களா அண்ணா? சின்ன அண்ணனுக்குத் தெரியும். அவர்தான் கேட்டில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பேப்பர் படிப்பதுபோல் நிற்பார். யாராவது வந்தால் பெல் அடிப்பார்.

நான்: அப்பாவா?

அத்தை: உன் அப்பாவேதான். பத்திரத்தைப் பார்த்து ஏன் சிரித்தார் என்று நினைக்கிறாய்?

அத்தை: நெல் கிளறும் அக்காமார்கள் எங்களை முதலில் கிண்டல் செய்தார்கள். அப்புறம் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். நாள் முழுக்கச் சூடான தரையில் காலால் நெல்லைக் கீறி நடப்பவர்கள், எங்கே பள்ளம், எங்கே வெடிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். விழப் போகிறாய் என்றால் பின்னால் சாயாதே, முட்டியை மடக்கி உட்கார்ந்துவிடு. இதை எனக்குச் சொன்னது அவர்களில் ஒருவர்.

அக்கா பெங்களூர்: என் மகளின் கோச் முதல் வகுப்பில் சொன்னதும் இதேதான்.

குட்டி: சரி, இவ்வளவு நன்றாக ஓடியதை ஏன் மூடினார்கள்?

பெரியப்பா: கேபிள் டிவி. சாயங்காலமானால் பிள்ளைகள் வீட்டைவிட்டு வரவில்லை.

சித்தப்பா ஓசூர்: இல்லை அண்ணா. டிரையர். மில்லில் சூடான காற்றில் நெல் காயவைக்கும் மெஷின் வந்தது. மழையானாலும் வேலை நிற்காது, கிளற ஆள் வேண்டாம். அப்போது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், இனிமேல் நாள் முழுக்கக் களம் நமக்குத்தான் என்று. நடந்தது வேறு. நெல் காயப்போட்ட வரைக்கும் வருஷா வருஷம் சித்திரையில் கொத்தனார் வந்து வெடிப்புகளைப் பூசி, கரண்டியால் தேய்த்து, தண்ணீர் கட்டிவிட்டுப் போவார். ஒரு நெல்மணி இடுக்கில் போகக் கூடாது என்று செய்த வேலை அது. நாம் நினைத்தோம் ஸ்கேட்டிங்குக்கு ஏற்ற தரை என்று. நெல் நின்ற வருஷமே பூச்சும் நின்றுவிட்டது. அடுத்த மழையில் வெடிப்பு, அதற்கடுத்த மழையில் வெடிப்பில் புல். சக்கரம் சிக்கி ஒரு பையனுக்குக் கை ஒடிந்தது. சக்கர அண்ணன் தன் காசில் இரண்டு மூட்டை சிமென்ட் வாங்கிப் பூசிப் பார்த்தார். அத்தனை பெரிய தரைக்கு அது எந்த மூலைக்கு?

அத்தை: நெல் கிளறிய அக்காமார்களுக்கும் அந்த வருஷம்தான் வேலை போனது. அதையும் சொல்லுங்கள்.

சித்தப்பா ஓசூர்: ஆமாம்.

பெரியப்பா: கேபிளும் ஒரு காரணம்தான். ஆனால் களத்தை முடித்து வைத்தது 2004. பிப்ரவரி 9ஆம் தேதி தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வருகிறது, கோர்ட் வருகிறது என்று ஊருக்குள் சதுர அடி விலை ஏறிவிட்டது. சும்மா கிடக்கும் சிமென்ட் தரையை யார் வைத்திருப்பார்? கல் நட்டார்கள், மனை போட்டார்கள். அடித்தளம் தோண்டும்போது அந்தத் தரையை உடைக்க முடியாமல் கம்ப்ரஸர் கொண்டுவந்தார்கள், அவ்வளவு கெட்டி.

நான்: சக்கர அண்ணன் என்ன ஆனார்?

சித்தப்பா ஓசூர்: ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். என் பட்டறைக்கு பேரிங் வாங்க வருவார். இப்போது இல்லை. அந்த அம்மா மகன் வீட்டில் இருக்கிறார், தளி ரோடு பக்கம்.

அத்தை: அப்படியா! நம்பர் இருக்கிறதா?

சித்தப்பா ஓசூர்: மகன் நம்பர் இருக்கிறது. தனியாக அனுப்புகிறேன்.

குட்டி: இன்னொரு செய்தி. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்கு அதில் முதல் உலகப் பட்டம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் ரிலேவில் வெண்கலம் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். பெண்கள் ரிலேவிலும் வெண்கலம், அதில் சென்னைப் பெண் ஆரத்தி கஸ்தூரி ராஜ்.

அக்கா பெங்களூர்: என் மகள் அறையில் ஆனந்த்குமார் படம்தான் ஒட்டியிருக்கிறது. அவர்கள் போடுவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த இன்லைன். இவளுக்கு இப்போதுதான் நான்கு சக்கரத்திலிருந்து அதற்கு மாற்றியிருக்கிறார்கள். பின்னால் ஓட்டுவதற்கு மட்டும் பயப்படுகிறாள்.

அத்தை: பின்னால் ஓட்டுவதற்குக் கண் முக்கியம். தோளுக்கு மேலே பார்க்கச் சொல், காலைப் பார்க்கக் கூடாது. குதிகாலை வெளியே தள்ளி, உள்ளே இழுத்து, எலுமிச்சம்பழ வடிவத்தில்.

அக்கா பெங்களூர்: அத்தை, இதை நீங்களே வந்து சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு இங்கே ரிங்கில் பெரியவர்களுக்கும் அனுமதி உண்டு.

பெரியப்பா: வேண்டாம் அம்மா. உனக்கு முட்டி வலி.

அத்தை: முட்டி வலி மாடிப்படி ஏறும்போதுதான் அண்ணா. டேய் சின்னவனே, எனக்கு ஆறாம் நம்பர். இன்லைன் எல்லாம் வேண்டாம், நான்கு சக்கரம்தான். பேரிங் கழுவி எடுத்துக்கொண்டு வா.

சித்தப்பா ஓசூர்: மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? பெட்ரோலில் கழுவுகிறேன்.

அக்கா பெங்களூர்: மகள் கேட்கிறாள்: ஆயாவுக்கு ஹெல்மெட் அளவு என்ன?