கலைச்சொல் வேண்டும்: மின்னொளி ஆட்டத்தின் ட்ரோன் படத்தில் விழும் கோடுகள்

மேலூரிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம். சிறிய ட்ரோனை வைத்து இரவு ஆட்டங்களைப் படமெடுப்பது பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஃப்ளட் லைட்டுக்காக மெனக்கெடவில்லை. ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அந்த மின்னொளியையே எடுத்துக்கொண்டேன். ஷட்டர் ஷட்டராகவே இருக்கிறது. ஓரிடத்தில்தான் நின்றுவிட்டேன்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒளி இருமுறை மங்கும். அதனால் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கேமராவின் சென்சார் படம் முழுவதையும் ஒரே சமயத்தில் வாங்குவதில்லை, வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஷட்டரை, அதாவது ஒளி வாங்கும் நேரத்தை, 1/1000 நொடியில் வைத்தால் சில வரிசைகள் பளிச்சென்றும் சில மங்கலாகவும் பதிந்து, களத்தின் குறுக்கே இருட்டுக் கோடுகள் விழுகின்றன. 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு ஒளி கிடைத்து, கோடு மறைந்துவிடும். ஆனால் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாடிப் போகிற ஆட்டக்காரர் 1/50 நொடிக்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், உருவம் இழுபடும்.

விளக்கின் அந்த மங்கலுக்கு ஒரு சொல், படத்தில் விழும் கோட்டுக்கு ஒரு சொல், இரண்டும் வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ‘பிளிக்கர் அடிக்குது’ என்கிறார்கள்.

திருமங்கலத்திலிருந்து:

இமைப்பு. வேறு தேடவே வேண்டாம். ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று தொல்காப்பியம் காலத்தையே இமையால் அளந்திருக்கிறது. மூடித் திறப்பது இமை. விளக்கும் அதைத்தான் செய்கிறது. கோட்டுக்கு ‘இமைவரி’ என்று வைத்துக்கொள்ளலாம். வரிப்புலியில் உள்ள அதே வரி.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

ஐயா, எங்கள் ஊர் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தைப் பாருங்கள்: ‘ஓவற இமைக்கும் சேண்விளங்கு அவிரொளி’. இங்கே இமைத்தல் என்றால் ஒளிவிடுதல். அதுவும் ‘ஓவற’, இடைவிடாமல் ஒளிவிடுதல். இடைவிட்டு எரிகிற விளக்கை இமைக்கிறது என்றால் நக்கீரர் சொன்னதற்கு நேர்மாறாக அல்லவா போகிறது? என் பரிந்துரை ‘விட்டொளிர்வு’. விட்டு விட்டு ஒளிர்வது, பொருள் சொல்லிலேயே இருக்கிறது.

திருநகரிலிருந்து:

நான் இயற்பியல் படிப்பிப்பவள். மாத்திரைக் கணக்கை அப்படியே விட்டுவிட மனமில்லை. மனிதர் ஒருமுறை கண் இமைக்க ஏறத்தாழ 0.1 முதல் 0.4 நொடி வரை ஆகிறது. அதற்குள் இந்த விளக்கு 10 முதல் 40 முறை மங்கிவிடும். கண்ணிமையை அளவாக வைத்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு வேகமான ஒன்றுக்கு இமைப்பு என்று பெயர் வைத்தால் மாணவர் மனத்தில் தவறான வேகம் பதியும். தவிர, விளக்கு முழுவதும் அணைவதில்லை, ஒளி கூடிக் குறைகிறது. ‘ஒளித்துடிப்பு’ பொருந்தும். நாடியும் அப்படித்தான், நின்று நின்று அடிப்பதில்லை.

திருமங்கலத்திலிருந்து:

அம்மா, சொல் செயலைக் குறித்து வருகிறது, கால அளவைக் குறித்து அல்ல. விண்மீன் கண் சிமிட்டுகிறது என்கிறோம், அதற்கு யாரும் கடிகாரம் பிடிப்பதில்லை. பரங்குன்றத்து ஐயாவுக்கு: ‘ஓவற’ என்று நக்கீரர் அடைமொழி கொடுக்க வேண்டி வந்ததே, இமைத்தல் தன் இயல்பில் ஓவுடையது என்பதால்தானே?

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அடைமொழி எல்லாம் வேறொன்றை விலக்குவதற்கு வருவதில்லை. ‘செஞ்ஞாயிறு’ என்றால் கறுப்பு ஞாயிறு ஒன்று இருப்பதாகப் பொருளா? இருக்கிற இயல்பையே சொல்லும் இயற்கை அடையும் உண்டு. நன்னூல் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாடிப்பட்டியிலிருந்து:

அண்ணன்மார்களே, நான் திடலில் நின்று ட்ரோன் ஓட்டுகிறவன். இரவில் எங்களுக்குக் கவலைகள் வேறு. களத்துக்கு மேலே வெளிச்சம், நாலு அடி தள்ளினால் கும்மிருட்டு. ட்ரோனின் அடியில் உள்ள சென்சார் தரையைப் பார்த்துத்தான் நிலை பிடிக்கும். இருட்டு வயலுக்கு மேல் போனால் அதற்குப் பிடிமானம் போய், நகர ஆரம்பிக்கும். அதனால் வெளிச்சத்தில்தான் ஏற்றி இறக்க வேண்டும். விளக்குக் கம்பத்தைவிட உயரப் போய்விட்டால் விளக்கு லென்ஸுக்குள் நேராக அடிக்காது. கீழே இருந்தால் படமெல்லாம் வெள்ளைப் புகைபோல ஆகிவிடும். மழை பெய்த மறுநாள் ஈசல் வேறு. மின்கம்பியும் பனைமரமும் ஸ்கிரீனில் தெரியவே தெரியாது, பகலிலேயே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோன்தானே என்று சிலர் கூட்டத்தின் தலைக்கு மேலேயே ஓட்டுகிறார்கள், அது தப்பு. மதுரை விமான நிலையம் அவனியாபுரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், எங்கே ட்ரோன் ஓட்டலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றவே கூடாது.

இத்தனையும் பார்க்கிற நேரத்தில் உதவிக்கு நிற்கிற பையனிடம் ‘தம்பி, விட்டொளிர்வு’ என்றால் அவன் என்னைப் பார்ப்பான், ஸ்கிரீனைப் பார்க்க மாட்டான். ‘பிளிக்கர்டா’ என்றால் ஷட்டரை 100க்கு இறக்கிவிடுவான். பிளிக்கர் என்றே அச்சடியுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

தம்பி, ‘மின்னொளி’ என்று முதலில் சொன்னபோதும் இப்படித்தான் யாராவது பார்த்திருப்பார்கள். இன்று எந்தச் சுவரிலும் அது அந்நியமாக இல்லை. சொல் பழகப் பழகத்தான் வரும். பழகுவதற்கு முன்பே கைவிட்டால் எப்போதுதான் வரும்?

உசிலம்பட்டியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை எதிர்மறையாக்கிப் பார்ப்பது என் வழக்கம். கையேட்டில் இந்தக் குறை இல்லாத விளக்கைப் பற்றியும் எழுதத்தானே வேண்டும்? தொலைக்காட்சியில் மெதுவோட்டம் காட்டுகிற பெரிய மைதானங்களுக்கு அப்படிப்பட்ட விளக்குகளைத்தான் போடுகிறார்கள். அதை என்னவென்று எழுதுவீர்கள்? ‘விட்டொளிர்வற்ற விளக்கு’ வாயில் நுழையவில்லை. ‘ஒளித்துடிப்பிலி’ ஏதோ நோய்போல இருக்கிறது. ‘பிளிக்கர் இல்லாத லைட்’ சொல்லலாம், ஆனால் அது விளக்கம், பெயராகவில்லை. இமைப்பை எடுத்துக்கொண்டால் ‘இமையா விளக்கு’ என்று தானாக வந்து விழுகிறது. தேவர்களை இமையவர் என்கிறோமே, கண் இமைக்காதவர்கள் என்று. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

திருமங்கலத்திலிருந்து:

இமையா விளக்கு! அம்மா, மதுரைக்காரர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். மீனுக்கு இமை கிடையாது. அதனால்தான் அங்கயற்கண்ணி கண் மூடாமல் ஊரைக் காக்கிறாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்று உரையெழுதியவர்களும் உண்டு. அதற்கும் கயல், சேல், கெண்டை என்ற மூன்றில் எது பொருந்தும் என்பதற்கும் தனி இழை தொடங்கட்டுமா?

திருநகரிலிருந்து:

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை தாண்டட்டும். எனக்கு ஒளித்துடிப்பின் மேல்தான் இன்னும் நம்பிக்கை. ஆனால் ‘இமையா விளக்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் என்னிடம் பதில் இல்லை. ஒரு மறுப்பு மட்டும் உண்டு. ‘இமைவரி’ வேண்டாம். வகுப்பில் பெண்பிள்ளைகள் அதைக் கண்மை தீட்டும் கோடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், சொல்லமைப்பும் அதற்குத்தான் இடம் தருகிறது. இமை வேறு, இமைப்பு வேறு. தொழிற்பெயர் விகுதியை வெட்டக் கூடாது.

மேலூரிலிருந்து:

இடையில் ஒருவர் தனி மடலில் ‘புகைப்படம்’ என்ற சொல் கையேட்டில் வரக் கூடாது, ‘ஒளிப்படம்’தான் சரி என்று எழுதியிருக்கிறார். ஒளிப்படம் என்றுதான் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பழைய சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கோட்டுக்குப் ‘பட்டை’யும் யோசித்தேன். நெற்றியில் இடுவதும் அதுதான், மரத்தில் உரிப்பதும் அதுதான் என்பதால் விட்டுவிட்டேன். வாடிப்பட்டித் தம்பி திடலில் கோடு என்றுதான் சொல்கிறார், பேசிக் கேட்டேன். ஆகவே விளக்கு செய்வது இமைப்பு, படத்தில் விழுவது இமைப்புக் கோடு, நல்ல விளக்கு இமையா விளக்கு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பிளிக்கர் என்று வழங்கும் இமைப்பு’ என்று எழுதுகிறேன். அதற்குப் பிறகு இமைப்பு மட்டும்தான்.

வாடிப்பட்டியிலிருந்து:

சரிங்க அண்ணே. இமைப்புக் கோடு வாயில் வருகிறது, இந்த வாரம் பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அவசரத்தில் பிளிக்கர்தான் வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம், ஷட்டர் 1/100 என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் குழுமத்தின் சொற்பட்டியலில் இமைப்பு என்ற பதிவுக்குக் கீழே ‘ஒளிவிடுதல் என்ற சங்கப் பொருளும் உண்டு’ என்று சேர்க்க வேண்டும். விட்டொளிர்வையும் மாற்றுச்சொல்லாக ஏற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடியும் இதை எடுப்பேன்.