பெட்டி சுட்டால் டிரைவ் வேகிறதா?

திருகுபுளி:
நேற்று ஒருவர், லேப்டாப் ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி வெளிப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ள எது நல்லது, சூடாகாமல் நம்பிக்கையாக ஓட வேண்டும் என்று கேட்டிருந்தார். சாதாரணக் கேள்வி. அதற்கு நம் இரவுப்பறவை அருளிய வாக்கு இது: "அலுமினியப் பெட்டி வேண்டாம். பத்து நிமிடத்தில் தொட முடியாதபடி சுடும். உள்ளே டிரைவ் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பெட்டி ஜில்லென்று இருக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிரைவ் பக்கமே போகாதீர்கள்." இதற்குப் பதினான்கு பேர் கைதட்டல் வேறு.

ஐயா, பெட்டி சுடுகிறது என்றால் சூடு வெளியே வந்துவிட்டது. பிளாஸ்டிக் ஜில்லென்று இருக்கிறது என்றால் சூடு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஃபிளாஸ்கை வெளியே தொட்டால் சுடுவதில்லையே, அதனால் உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீரா?

இரவுப்பறவை:
என் பெயரைப் போட்டுத் தனி இழை திறக்கும் அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன், மகிழ்ச்சி. நான் படித்ததைச் சொல்லவில்லை, என் கை சொன்னதைச் சொன்னேன். அலுமினியப் பெட்டியில் போட்ட 7200 சுற்று டிரைவ் ஆறே மாதத்தில் போய்விட்டது. பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும் 5400 நான்காவது ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபிளாஸ்க் கதை என் டிரைவை எழுப்பித் தருமா?

அப்புறம், 7200 கூடுதலாகச் சூடாகும் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. தட்டு சுழலும்போது காற்றோடு உரசுவதற்குப் போகும் மின்சாரம் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 7200-ஐ 5400-ஆல் வகுத்தால் 1.33. அதன் மும்மடி 2.37. கால்குலேட்டர் இருக்கிறதா?

திருகுபுளி:
இருக்கிறது. கணக்கும் சரி. ஆனால் அது காற்று உரசலுக்கு மட்டும் உள்ள கணக்கு. மோட்டார், சர்க்யூட் பலகை, தட்டில் எழுதிப் படிக்கும் ஹெட்டை நகர்த்தும் கை எல்லாம் சேர்த்தே இரண்டரை அங்குல டிரைவ் ஒன்று எழுதும்போது இரண்டு வாட்டுக்கு அக்கம்பக்கம்தான் இழுக்கும். 5400-க்கும் 7200-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாட்டைத் தொடுவதே அரிது. அந்த வித்தியாசத்தை வெளியேற்றுவதற்குத்தான் அலுமினியம்.

கை சொன்னதாம். 45 டிகிரியில் இருக்கும் அலுமினியத்தையும் அதே 45 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் தொட்டுப் பாருங்கள், அலுமினியம்தான் அதிகம் சுடுவதுபோல் இருக்கும். உலோகம் வெப்பத்தை விரசாகக் கைக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். கை ஒரு தெர்மாமீட்டர் இல்லை. டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 194-ஆம் எண்ணைப் பாருங்கள், டிரைவே தன் வெப்பநிலையைச் சொல்லும்.

புதியவன்77:
அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். என்னிடம் இருக்கும் டிரைவ் 9.5 மிமீ தடிமன். 7 மிமீ என்று போட்டிருக்கும் பெட்டியில் போகுமா?

இரவுப்பறவை:
என் பெட்டி 194 எல்லாம் காட்டாது. காட்டாத ஒன்றை எப்படிப் பார்ப்பது? சுடுவது மட்டும் தெரிகிறது.

திருகுபுளி:
அடடா. யூஎஸ்பியை டிரைவின் இணைப்பான சாட்டாவாக மாற்றும் சிப் ஸ்மார்ட் கட்டளையைக் கடத்திவிடாத மட்டமான பெட்டியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு தீர்ப்பா? சரியான சிப் உள்ள பெட்டியில் ஸ்மார்ட்சிடிஎல் நிரலை '-டி சாட்' போட்டு ஓட்டினால் எல்லாம் வரும். பெட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியதே அதைத்தான், வழவழப்பை இல்லை.

அரைக்கிறுக்கன்:
ஒரு சந்தேகம். 'குளிர்ச்சி' என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பெட்டியின் வெளிப்புறமா, டிரைவின் உட்புறமா, அறை வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதா? 'நம்பகம்' என்றால் எத்தனை ஆண்டு? இதை முடிவு செய்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

இரவுப்பறவை:
வழவழப்பைப் பார்த்து நான் எதையும் வாங்குவதில்லை. தொட்டால் சுடுகிறது. இதை எத்தனை தடவைதான் சொல்வது?

திருகுபுளி:
எத்தனை தடவை சொன்னாலும் அது சூடு வெளியே வருவதற்கான சாட்சிதான்.

தும்பி:
இரவுப்பறவை அண்ணே, அந்த 7200 போகும்முன் 'டிக்... டிக்' என்று சத்தம் வந்ததா? கணினியின் முன்பக்கத் துளையில் நீளமான கேபிளோடு செருகியிருந்தீர்களா? ஏன் கேட்கிறேன் என்றால், இந்த டிரைவ்களுக்கு 5 வோல்ட் போதும்தான், ஆனால் முதலில் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் ஓர் ஆம்பியர் வரைகூடக் கேட்கும். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான், 3.0 என்றால் 900. போதாவிட்டால் தட்டு வேகம் பிடிக்காது, ஹெட் மறுபடி மறுபடி திரும்பிப் போய் 'டிக்' அடிக்கும். டிரைவ் செத்துவிட்டது என்று நினைப்போம். பார்த்தால் பட்டினி. இரண்டு தலை உள்ள ஒய் கேபிளைப் பழைய பெட்டிகளோடு அதற்காகத்தான் கொடுத்தார்கள்.

இரவுப்பறவை:
டிக் சத்தம் வந்தது. முன்பக்கத் துளைதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சுட்டது, பிறகு போயிற்று. வரிசை தெளிவாக இருக்கிறது.

திருகுபுளி:
சேவல் கூவியது, பிறகு விடிந்தது. வரிசை தெளிவாகத்தான் இருக்கிறது.

அந்த டிரைவை வேறு கணினியின் பின்பக்கத் துளையில் ஒருமுறையாவது செருகிப் பார்த்தீர்களா?

இரவுப்பறவை:
தூக்கிப் போட்டுவிட்டேன்.

திருகுபுளி:
நல்ல டிரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தின் மேல் பழி. சென்ற ஆண்டு பேட்டரி விவாதத்திலும் இதே கதைதான், சார்ஜரைச் சோதிக்காமலே பேட்டரியைத் திட்டினீர்கள்.

இரவுப்பறவை:
பேட்டரி விவாதத்தில் கடைசியில் யார் பதில் சொல்லாமல் மறைந்தார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

திருகுபுளி:
மறையவில்லை, எனக்கு வேலை இருந்தது.

வெள்ளெலி:
சூடு, சூடு என்று இரண்டு பேரும் எதற்கு இந்தப் பாடு? கூகுள் ஆட்கள் 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்கள். வெப்பநிலைக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவுக்குத் தொடர்பு இல்லை என்றுதான் தெரிந்தது. குளிர்ச்சியாக ஓடியவற்றில் பழுது கூடுதலாகக்கூட இருந்தது. மிக அதிகமான சூட்டில்தான் லேசாகப் பழுது ஏறியது.

திருகுபுளி:
அவை மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டு சர்வருக்குள் ஓடிய டிரைவ்கள். விசிறியே இல்லாத பெட்டிக்குள் அடைத்து, ஐந்து மணிநேரம் விடாமல் நகலெடுத்தால் வரும் சூட்டை அதில் அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. பல லேப்டாப் டிரைவ்களின் உச்ச வரம்பு 60 டிகிரி என்று தயாரித்தவர்களே போட்டிருக்கிறார்கள். சும்மாவா போட்டார்கள்?

இரவுப்பறவை:
இந்த ஒரு விஷயத்தில் திருகுபுளி சொல்வது சரி. சூடு முக்கியம். அதனால்தான் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

திருகுபுளி:
நான் சொன்னதை எடுத்து எனக்கே திருப்பாதீர்கள்.

நல்லவேளை:
தரவைச் சிப்பிலேயே வைக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே? சுற்றுவதற்கு எதுவும் கிடையாது, கீழே விழுந்தாலும் கவலை இல்லை.

திருகுபுளி:
வந்துவிட்டார். தலைப்பில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள். காப்பு நகல் எடுத்து அலமாரியில் வைப்பதற்கு எஸ்எஸ்டியா? மின்சாரம் இல்லாமல் வைத்திருந்தால் அதில் உள்ள தரவு காலப்போக்கில் கசியும்.

நல்லவேளை:
சிப் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறையை முழுதாகப் படியுங்கள். எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்துபோன எஸ்எஸ்டிகூட 30 டிகிரியில் ஓர் ஆண்டு தாங்க வேண்டும் என்கிறது. புதிதாக இருப்பது இன்னும் நெடுநாள் தாங்கும்.

இரவுப்பறவை:
எஸ்எஸ்டியும் தொட்டால் சுடும்.

தமிழ்க்காவலன்:
தொழில்நுட்பத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் 'ஹார்டு டிஸ்க்', 'டிரைவ்' என்று இத்தனை பேர் எழுதியும் ஒருவருக்குமா உறுத்தவில்லை? வன்தட்டு என்ற சொல் எதற்கு இருக்கிறது?

தும்பி:
தட்டில் சோறு போடலாம். நிலைவட்டு என்பதுதான் பொருத்தம்.

தமிழ்க்காவலன்:
எது 'நிலை'யாக இருக்கிறது? நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது.

திருகுபுளி:
மொழிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. நான் டிரைவ் என்றுதான் சொல்வேன், அதை விடுங்கள். யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இப்போது வரும் 7 மிமீ டிரைவ்களில் ஒரு டெராபைட், இரண்டு டெராபைட் என்றால் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகைதான். ஓடு வேய்ந்ததுபோல் தரவு எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டும் என்றால் அதன்மேல் ஏறியிருக்கும் அண்டைத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். நீங்கள் நகலெடுத்து முடித்தபிறகும் அது உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும் டிரைவ் ஏன் சுடுகிறது என்று குழம்புகிறவர்கள் இதை முதலில் படிக்கட்டும். எந்த டிரைவ் எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றதற்குத் தயாரிப்பாளர்கள் 2020-இல் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நான் அதற்கு முன்பே எழுதினேன், அப்போது யாரும் கேட்கவில்லை.

வெள்ளெலி:
எங்கே எழுதினீர்கள்? தேடினேன், அகப்படவில்லை.

திருகுபுளி:
தேடத் தெரிய வேண்டும்.

இரவுப்பறவை:
ஆக, டிரைவ் சுடுகிறது என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள்.

திருகுபுளி:
டிரைவ் சுடாது என்று நான் எப்போது சொன்னேன்? பெட்டி சுடுவது கெடுதல் இல்லை என்றேன். சரி, வாயால் பேசிப் பயனில்லை. இன்று மாலை அளந்தேன். ஒரே 5400 சுற்று டிரைவ், இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மணிநேரம் நகலெடுப்பு. 194-இல் வந்தது: அலுமினியப் பெட்டியில் 41, பிளாஸ்டிக் பெட்டியில் 49. அலுமினியம் கையைச் சுட்டது. பிளாஸ்டிக் சுடவில்லை. இனி என்ன சொல்லப் போகிறீர்கள்?

இரவுப்பறவை:
முதலில் எந்தப் பெட்டி?

திருகுபுளி:
அலுமினியம்.

இரவுப்பறவை:
அப்படியானால் பிளாஸ்டிக்குக்குப் போகும்போதே டிரைவ் சூடாகத்தான் இருந்திருக்கிறது. அறை வெப்பம் எவ்வளவு? விசிறி ஓடியதா? பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுத் துளை உண்டா?

திருகுபுளி:
நடுவில் அரைமணிநேரம் ஆறவிட்டேன்.

இரவுப்பறவை:
அதை இப்போதுதான் சொல்கிறீர்கள்.

அரைக்கிறுக்கன்:
அதனால்தான் முதலிலேயே கேட்டேன், குளிர்ச்சி என்றால் எது என்று.

திருகுபுளி:
மறுபடி அளக்க நான் உங்கள் வீட்டு வேலைக்காரன் இல்லை. 41, 49. வேண்டுமானால் இன்னொரு முறை படியுங்கள்: 41, 49.

இரவுப்பறவை:
41-லேயே கையைச் சுட்டதா? அப்படியானால் என் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

புதியவன்77:
யாரும் சொல்லாததால் நானே 7 மிமீ பெட்டியை வாங்கிவிட்டேன். 9.5 டிரைவ் பாதிதான் இறங்கியது, மூடி மூடவில்லை. டேப் ஒட்டியிருக்கிறேன். இப்போது ஓடுகிறது.

இரவுப்பறவை:
தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா?

திருகுபுளி:
தொடாதீர்கள். 194-ஐப் பாருங்கள்.