ஆன்லைன் டி அண்ட் டி: 14 பேர், ஒரு டிஎம், மூணே வாரத்துல ஆட்டமே ஆட்டங்கண்டு போச்சு. உதவி வேணும்!

மாரத்தஹள்ளி_மாயக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கங்க.

பெங்களூர்ல எங்களுது சின்ன தமிழ் வாசிப்புக் குழு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கப்பன் பார்க்குல மரத்தடியில உக்காந்து படிச்சதைப் பேசுவோம். ஒரு தடவை புத்தகத்தை மூடி வச்சுட்டு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதைக்குள்ள பாத்திரமா ஆடற ஆட்டம்) ஒன்-ஷாட் ஒண்ணு, அதாவது ஒரே நாள்ல முடியற கதை, ஓட்டினேன். கதையை நடத்தற ஆள், அதாவது டிஎம், நான்தான். 5 பேர், ஒரே செட் பகடை, ரெண்டரை மணி நேரம். கேஜிஎஃப்ல இருந்து ரயிலேறி வர்ற ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருத்தர், பாலத்தை மறிச்ச பூதத்துகிட்ட சுங்கம் எவ்வளவுன்னு பேரம் பேசி, கத்தியை உருவாமலே எல்லாரையும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனார். அவ்வளவுதான். வாட்ஸ்அப்புல கதை பரவி, "நானும் வர்றேன்"னு 14 பேர் ஆயிட்டாங்க.

ஒயிட்ஃபீல்டு, கெங்கேரி, ஹெப்பால், எலக்ட்ரானிக் சிட்டின்னு ஆளுக்கொரு மூலை. எல்லாரும் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி ஒரு இடத்துல சேர்றதுக்குள்ள அரக்கனுக்கே வயசாகிடும். அதான் ஆன்லைன். சனிக்கிழமை ராத்திரி 9 மணி. பேச்சுக்கு டிஸ்கார்டு, மேப்பையும் அதுல நகர்த்தற பொம்மைங்களையும் காட்ட ஃபவுண்ட்ரி.

ஃபவுண்ட்ரியைக் காசு குடுத்து வாங்கி என் லேப்டாப்லயே ஓட்டறேன். வெளியில இருந்து ஆளுங்க உள்ள வர ரௌட்டர்ல 30000-ன்ற போர்ட்டைத் திறந்தாச்சு. வீட்டு வைஃபையில ஜம்முனு வருது, வெளியில இருந்து ஒருத்தருக்கும் வரல. ரௌட்டர் பக்கத்துல வெளி ஐபி 100.72-ன்னு ஆரம்பிக்குது, கூகுள்ல என் ஐபியைத் தேடினா வேற நம்பர் காட்டுது. நெட் கம்பெனிக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். ரெண்டு தடவையும் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்". அதனால மூணு வாரமா ஸ்கிரீன் ஷேர் பண்ணி, 14 பேர் பொம்மையையும் நானே நகர்த்திட்டிருக்கேன்.

இது கூடப் பரவாயில்ல. முதல் வாரம் ஒரு சண்டை வச்சேன். 14 பேர், எதிர்ல 9 குட்டிச்சாத்தான். ஒரு ரவுண்டு முடிய 50 நிமிஷம்! ஒருத்தர் முறை வந்தப்ப மைக்ல குக்கர் விசில்தான் பதில் சொல்லுச்சு. ரெண்டாவது வாரம் 11 பேர். மூணாவது வாரம் 6. அதுலயும் கொடுமை என்னன்னா, போன தடவை குகைக்குள்ள போனவங்க யாரும் வரல. வந்த 6 பேரும் குகைக்கு வெளியில குதிரையைப் பாத்துக்கிட்டு நின்னவங்க. சிங்கப்பூர் போன தம்பி ஒருத்தன் இருக்கான், அவனுக்கு நம்ம 9 மணின்னா ராத்திரி 11.30.

இதோட மொழிப் பிரச்சனை வேற. வாத்தியாருக்கு இங்கிலீஷ் ரூல்ஸ் புத்தகம் அலுப்பு. இங்கயே பிறந்து வளர்ந்த ரெண்டு பசங்க தமிழ் சரளமா பேசுவாங்க, ஆனா எழுத்து தெரியாது. கன்னடமும் இங்கிலீஷும்தான் படிப்பாங்க. எந்த மொழியில கேரக்டர் ஷீட் (அவங்கவங்க பாத்திரத்தோட விவரத் தாள்) அடிச்சாலும் யாரோ ஒருத்தர் முழிக்கிறாங்க.

நிறுத்திடலாமான்னு இருக்கு. ஆனா அந்தப் பூதம் ஞாபகம் வருது.

---

போர்ட்_பாதுகாவலன்

ப்ரோ, ஐபி விஷயம் மட்டும் சொல்றேன், மத்ததுல நான் வீக்.

100.64-ல இருந்து 100.127 வரைக்கும் இருக்கிற முகவரி எல்லாம் நெட் கம்பெனிங்க உள்ளுக்குள்ள புழங்கறதுக்குன்னே ஒதுக்கினது. சிஜிநாட்-ன்னு சொல்வாங்க. ஐபிவி4 முகவரி பத்தலன்னு பல வீட்டை ஒரே பொது முகவரிக்குப் பின்னால தள்ளிடறாங்க. உங்க 100.72 சரியா அதுக்குள்ள விழுது. நீங்க உங்க ஃபிளாட் கதவைத் திறந்து வச்சிருக்கீங்க, ஆனா அபார்ட்மென்ட் மெயின் கேட் பூட்டியிருக்கு, சாவி செக்யூரிட்டிகிட்ட. ரௌட்டரை எத்தனை தடவை ஆஃப் பண்ணினாலும் அந்தக் கேட் திறக்காது.

ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்குன்னே ஒரு மாறாத பொது முகவரி) கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் மாசாமாசம் தனிக் காசு. நான் அதைச் செய்ய மாட்டேன். கிளவுட்ஃபிளேர் டனல்-னு ஒண்ணு இருக்கு: உங்க லேப்டாப்ல சின்ன புரோகிராம் ஒண்ணை ஓட்டினா அது உள்ளேயிருந்து வெளிய ஒரு வழி போட்டுக்கும், கேட்டைத் தொடவே வேணாம். ஒரு லிங்க் குடுக்கும், அதை டிஸ்கார்டுல ஒட்டினா போதும். ஆடறவங்க எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், ப்ரௌசர் போதும். ஃபவுண்ட்ரி லைசென்ஸும் ஓட்டறவருக்கு மட்டும்தான் தேவை.

பேச்சு டிஸ்கார்டுலயே இருக்கட்டும். எல்லாரையும் புஷ்-டு-டாக் (பட்டனை அழுத்தினாத்தான் மைக் வேலை செய்யும்) போட வைங்க, குக்கர் பிரச்சனை தீரும்.

---

மாரத்தஹள்ளி_மாயக்காரி

ப்ரோ இல்ல, அக்கா. :) டனல் இன்னிக்கு ராத்திரியே போட்டுப் பாக்கறேன். அந்தக் கேட் உதாரணத்தை மட்டும் கஸ்டமர் கேர்ல யாராவது சொல்லியிருந்தா மூணு வாரம் மிச்சமாகியிருக்கும்.

---

பழைய_பகடை

அம்மா, நீங்க வாங்கின ஃபவுண்ட்ரியை நான் குறை சொல்லல. ஆனா நெட் சரியானாலும் உங்க ஆட்டம் சரியாகாது.

கணக்குப் பாருங்க. 14-ம் 9-ம் 23 முறை. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னாலே 46 நிமிஷம். உங்க 50 நிமிஷத்துல யாரும் தூங்கி வழியல, எல்லாரும் சரியாத்தான் ஆடியிருக்காங்க. தப்பு எண்ணிக்கையில. ஆன்லைன்ல ஒரு மேசைக்கு 5 பேருக்கு மேல வேண்டாம், 4 பேர்னா உத்தமம். நேர்ல ஒருத்தர் பேசறப்ப பக்கத்துல ரெண்டு பேர் குசுகுசுன்னு திட்டம் போடலாம். டிஸ்கார்டுல ஒரு நேரத்துல ஒரு குரல்தான். சாத்தான் ஒன்பதையும் ஒரே இனிஷியேட்டிவ்ல (சண்டையில யார் முறை எப்பங்கற வரிசை) வைங்க. ஒவ்வொரு தடவையும் "இப்ப நீங்க, அடுத்து இவர்"னு ரெண்டு பேர் பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. அடுத்தவர் அதுக்குள்ள மந்திரத்தைத் தேடி வச்சுக்குவார்.

வருகைக்கு வர்றேன். 14 பேரை ஒரே தொடர்கதையில கட்டிப் போட்டா யார் வரலன்னாலும் கதை நொண்டும். வெஸ்ட் மார்ச்சஸ்-னு ஒரு முறை இருக்கு. பென் ராபின்ஸ் தன்னோட ஆட்டத்தைப் பத்தி 2007-ல எழுதினதுல இருந்து அந்தப் பேர் நிலைச்சுப் போச்சு. அதுல நிரந்தரக் குழு கிடையாது. நடுவுல ஒரு ஊர், சுத்தி யாரும் கால் வைக்காத காடு. எந்த நாள், யார் யார், எந்தத் திசைன்னு முடிவு பண்றது டிஎம் இல்ல, ஆடறவங்க.

இதுல ஒரே ஒரு விதி இரும்பு மாதிரி நிக்கணும்: அன்னிக்குப் போனவங்க அன்னிக்கே ஊர் திரும்பணும். ஆட்டம் முடிய அரை மணி இருக்கறப்ப "பொழுது சாயுது"ன்னு சொல்லுங்க. குகைக்குள்ள யாரையும் விட்டுட்டு மைக்கை அணைக்காதீங்க. உங்க மூணாவது வாரம் நாறினது இதனாலதான்.

புதன்கிழமைக்குள்ள நாலஞ்சு பேர் சேர்ந்து "சனிக்கிழமை சாயங்காலம், வடக்கே இடிஞ்ச கோயில்"னு சொல்லட்டும். மூணு பேர் கூடச் சேரலன்னா அந்த வாரம் ஆட்டம் இல்ல. நீங்க அந்தக் கோயிலை மட்டும் தயார் பண்ணினா போதும். சிங்கப்பூர் தம்பியை நம்ம 4 மணி ஆட்டத்துல போடுங்க, அவனுக்கு 6.30. திரும்பி வந்தவங்க என்ன பாத்தாங்கன்னு பத்து வரி எழுதி சேனல்ல போடணும். வராதவங்களுக்குக் கதை தெரியும், பொறாமையும் வரும். அடுத்த வாரம் அவங்களே ஆள் சேர்ப்பாங்க.

14 பேருக்கு நீங்க ஒருத்தரே டிஎம்-னா ஆறு மாசத்துல ஓஞ்சு போயிடுவீங்க. ரெண்டாவது டிஎம் தேடுங்க. பூதத்துகிட்ட பேரம் பேசினவரை ஏன் கேக்கல?

---

ஒருபக்க_ரூல்ஸ்

எல்லாரும் டி அண்ட் டி-யைக் கட்டிக்கிட்டு அழறீங்க. புதுசா வர்றவங்களுக்கு அத்தனை ரூல்ஸ் எதுக்கு? ரெண்டு ஆறுமுகப் பகடை போதும். கூட்டிப் பாத்து 10-ம் அதுக்கு மேலயும்னா ஜெயிச்சாச்சு, 7-ல இருந்து 9-ன்னா ஜெயிச்சாலும் ஒரு வில்லங்கம், 6-ம் அதுக்குக் கீழயும் சொதப்பல். 36 சேர்க்கையில 15 அந்த நடுவுல விழுது, கதைக்கு மசாலாவே அதுதான். தாயம் உருட்டத் தெரிஞ்ச யாருக்கும் அஞ்சு நிமிஷத்துல புரியும்.

---

பழைய_பகடை

நல்ல முறைதான், நானும் ஓட்டியிருக்கேன். ஆனா அவங்க ஆளுங்க டி20-யை, அதான் இருபது முகப் பகடையை, உருட்டிப் பழகிட்டாங்க. 20 விழுறது நூத்துக்கு அஞ்சு தடவைதான். அது விழறப்ப வர்ற கத்தலை நீங்க எந்த 2டி6-லயும் வாங்க முடியாது.

---

மாரத்தஹள்ளி_மாயக்காரி

பசங்க கிட்ட கேட்டேன். டி20 போச்சுன்னா அவங்களும் போயிடுவாங்களாம். அதனால அதே இருக்கட்டும்.

---

அல்சூர்_பொண்ணு

அக்கா, லாங்குவேஜ் மேட்டர் நான் சொல்றேன். நானும் அந்த ரெண்டு பசங்க மாதிரிதான். தாத்தா காலத்துல இருந்து அல்சூர், வீட்ல தமிழ், ஸ்கூல்ல கன்னடம். இது கூட வாய்ஸ் டைப்பிங், தப்பு இருந்தா சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.

நாங்க எங்க கசின்ஸ் குரூப்ல ஷீட்ல எழுத்தையே குறைச்சுட்டோம். படமும் நம்பரும் மட்டும். கேடயம் படம், பக்கத்துல 15. இதயம் படம், பக்கத்துல 22. பேசறப்ப தமிழ். படிக்கத் தெரியாதவனுக்கும் காதுல கேட்டா புரியும் இல்லயா?

வார்த்தை செலக்ட் பண்றப்ப மட்டும் பாத்துக்கங்க. சேவிங் த்ரோவுக்கு (ஆபத்துல இருந்து தப்பிக்க உருட்டறது) எங்க அண்ணன் "தப்பு"ன்னு வச்சான், தப்பிக்கிறது மீனிங்ல. டிராகன் நெருப்பு ஊதினப்ப "எல்லாரும் தப்பு போடுங்க"ன்னான். எங்க பாட்டி சைடுல காபி குடிச்சிட்டிருந்தாங்க, "குழந்தைங்க என்னடா தப்பு பண்ணுச்சு?"ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. இப்ப "தாக்குப்பிடி". ஸ்ட்ரெங்த் வலிமை, டெக்ஸ்டெரிட்டி சுறுசுறுப்பு, கரிஷ்மா வசீகரம். விஸ்டம்தான் கஷ்டம், விவேகம்னு வச்சோம். அஜித் படம் பேர் மாதிரி இல்லயான்னு யாராவது கேப்பாங்க, ஆனா காதுல நிக்குது. இனிஷியேட்டிவ் சும்மா "முந்தி".

அந்த சாருக்கு ஃபுல் ரூல்ஸ் தமிழ்ல வேணும்னா பயமில்லாம மொழிபெயர்க்கலாம். டி அண்ட் டி அடிப்படை ரூல்ஸ் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வந்துடுச்சு. எங்கேருந்து எடுத்தீங்கன்னு அதுல குடுத்திருக்கிற வரியைச் சேர்த்துப் போட்டா யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம். ஆனா கடையில விக்கிற முழுப் புத்தகம் அதுல சேராது, அதை ஸ்கேன் பண்ணி குரூப்ல போடாதீங்க.

பசங்களுக்கு எத்தனை வயசு? டிஸ்கார்டுல 13 ஆகணும்.

---

மாரத்தஹள்ளி_மாயக்காரி

பெரியவளுக்கு 15, சின்னவனுக்கு 11. நல்லவேளை கேட்டே. சின்னவனுக்குத் தனி அக்கவுண்ட் வேணாம்னு சொல்லிட்டேன், அவங்க அம்மாவும் ஆடறாங்க, அவங்க பக்கத்துலயே உக்காந்து அவங்க மைக்ல பேசட்டும். பசங்க இருக்கறதால ஆட்டத்துல எதெல்லாம் வரக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் தனித்தனியா கேட்டேன். சித்திரவதை வேணாம்னு நாலு பேர். ஒருத்தர் பாம்பு வேணாம்னாங்க. காட்டுக்குள்ள போற கதையில பாம்பு இல்லாம எப்படி? சரி, தேளா மாத்திட்டேன்.

---

மாரத்தஹள்ளி_மாயக்காரி

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்.

டனல் வேலை செய்யுது. முதல் தடவை 5 பேரும் அவங்கவங்க பொம்மையை அவங்களே நகர்த்தினப்ப நான் ரெண்டு நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஊர் பேர் ஆலமரச் சாவடி. முதல் ஆட்டம் சனிக்கிழமை 4 மணி, சிங்கப்பூர் தம்பி இருந்தான். ஒரு சண்டை, 5 பேர், 4 தேள், ரவுண்டுக்கு 11 நிமிஷம். 6.30-க்கு "பொழுது சாயுது"ன்னேன். புதையல் அறைக் கதவு வரைக்கும் வந்துட்டு யார் திரும்புவாங்க? கெஞ்சினாங்க. அந்த நேரம் பாத்து ஹெப்பால் பக்கம் கரண்ட் போய் ஒருத்தங்க காணாம போயிட்டாங்க. அவங்க பாத்திரம் சாவடிக்குப் போய் டீ போட்டுட்டிருக்கிறதா வச்சுட்டு, மிச்சப் பேரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரியே அந்தக் கதவைத் திறக்க ரெண்டு தனிக் கூட்டம் ஞாயித்துக்கிழமைக்கு இடம் கேட்டு நிக்குது.

வாத்தியார்கிட்ட டிஎம் ஆகறீங்களான்னு கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்மா"ன்னார். மறுநாள் கட்டம் போட்ட நோட்டுல நாலு பக்கத்துக்கு மேப் வரைஞ்சு போட்டோ அனுப்பியிருக்கார், அளவுகோல் சகிதம். ஞாயிறு மேசை அவருது. டிராகனை யாளின்னு மாத்தலாமான்னு கேக்கறார். தூண்ல இருக்கிற யாளிக்குச் சிறகு கிடையாதேன்னு பசங்க சண்டை போடறாங்க. அதை அவங்களே தீர்த்துக்கட்டும்.

ஒரு சந்தேகம்: டனலை ஒவ்வொரு தடவை ஓட்டறப்பவும் லிங்க் மாறுது. வாத்தியார் பழைய லிங்க்லயே அரை மணி நேரம் காத்திருந்தார். ஒரே லிங்க்கா நிறுத்த முடியுமா?

---

போர்ட்_பாதுகாவலன்

முடியும் அக்கா. இப்ப நீங்க ஓட்டறது தற்காலிக டனல், அது ஒவ்வொரு தடவையும் புதுப் பேர்தான் தரும். சின்னதா ஒரு டொமைன் வாங்கி கிளவுட்ஃபிளேர் கணக்குல சேர்த்து, பேர் வச்ச டனலா மாத்திட்டா லிங்க் மாறாது. வருஷத்துக்கு டொமைன் காசு மட்டும்தான். இன்னொண்ணு: ஒரு ஃபவுண்ட்ரி லைசென்ஸ்ல ஒரு நேரத்துல ஒரு சர்வர்ல மட்டும்தான் ஆளுங்க ஆட முடியும். சாரோட ஆட்டமும் உங்க ஆட்டமும் ஒரே நேரத்துல வராம பாத்துக்கங்க. சனி நீங்க, ஞாயிறு அவர்னா ஒண்ணும் பிரச்சனையில்ல, உங்க லேப்டாப் மட்டும் ஆன்ல இருக்கணும்.

---

மாரத்தஹள்ளி_மாயக்காரி

டொமைன் வாங்கியாச்சு. சாவடிங்கற பேர்லயே கிடைச்சுது!